உலகளந்த வீரர் லாம்டன்

வாளால் நிலத்தை வென்றவர் வரலாற்றில் பலர் உண்டு. வென்ற நிலத்தை அளந்து அறிந்தவர் மிகச் சிலரே. மாமன்னன் இராசராசன் கி.பி. 1000-ஐ ஒட்டிச் சோழ நாடு முழுவதையும் அளப்பித்தான். அப்பணியை நடத்திய அதிகாரிக்கு ‘உலகளந்தான்’ என்னும் பெயரே வழங்கலாயிற்று. அதற்கு எண்ணூறு ஆண்டுகளுக்குப் பின்னர், அதே தமிழ் மண்ணில் நின்று, ஒரு நாட்டை மட்டுமன்றி நாம் வாழும் உலகத்தின் வடிவத்தையே அளக்கத் துணிந்தார் ஓர் ஆங்கிலப் படைவீரர். அவர்தாம் வில்லியம் லாம்டன்.

இங்கிலாந்தின் யார்க்சயர் பகுதியில் 1750-களில் எளிய குடும்பம் ஒன்றில் அவர் பிறந்தார். 1781-இல் படையில் சேர்ந்து அமெரிக்கா சென்றார். அமெரிக்க விடுதலைப் போரில் யார்க்டவுனில் ஆங்கிலேயர் தோற்றபோது சிறைப்பட்டார். விடுதலைக்குப் பின் பதின்மூன்று ஆண்டுகள் கனடாவை ஒட்டிய பகுதியில் பணி. அங்கே கூட்டாளி இல்லை, கேளிக்கை இல்லை. கணிதமும் வானநூலுமே அவருக்குத் துணை. சூரிய கிரகணம் ஒன்றைப் பார்க்கப்போய் ஒரு கண்ணின் ஒளி குன்றியது. ஆர்வம் மட்டும் குன்றவில்லை. ஏறத்தாழ நாற்பது வயதைக் கடந்த பின்னரே அவர் இந்தியா வந்தார். பிறர் ஓய்வை எண்ணும் வயதில் அவருடைய வாழ்க்கைப் பணி தொடங்கியது!

1799-ஆம் ஆண்டு. திப்பு சுல்தான் மீது இறுதிப் போர். தளபதி ஹாரிசின் பெரும்படை வேலூரிலிருந்து புறப்பட்டு, நம் பாராமகாலைக் கடந்து, ராயக்கோட்டை, கெலமங்கலம் வழியாக மைசூர் எல்லைக்குள் நுழைந்தது. நாம் இன்று பேருந்தில் அமர்ந்து கடக்கும் அதே வழியில், அப்படையோடு லாம்டனும் சென்றார். 1791-இல் கிருஷ்ணகிரி மலைக்கோட்டை ஆங்கிலேயரின் தாக்குதலை எதிர்த்து நின்று அவர்களைத் திருப்பி அனுப்பியது. ஆயினும் 1792-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் பாராமகால் கும்பினியாருக்குக் கைமாறியிருந்தது. போரில் பணியாத கோட்டை காகிதத்தில் பணிந்தது!

சீரங்கப்பட்டணத்தின் அருகே ஓர் இரவு. பெயர்டு என்னும் தளபதியின் படை இருளில் தோப்பொன்றைத் தேடிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தது. வானத்து விண்மீன்களைக் கண்ட லாம்டன், படை தெற்கே செல்லாமல் வடக்கே, திப்புவின் பாசறையை நோக்கிச் செல்வதை உணர்ந்தார். ஓடிச்சென்று தளபதியிடம் கூறினார். திசைகாட்டியைப் பார்த்தபோது விண்மீன்கள் சொன்னதே உண்மையாயிற்று. படை தப்பியது. வானநூல் என்ன சோறு போடுமா என்று கேட்பார்க்கு இதைவிட வேறு விடை வேண்டுமோ?

திப்பு வீழ்ந்தான். மைசூரை எவ்வாறு ஆள்வது, எவ்வளவு வரி திரட்டுவது என்று மற்றவர்கள் எண்ணிய வேளையில், லாம்டன் தீபகற்பத்தைக் குறுக்காக அளக்கும் திட்டம் ஒன்றை அரசின் முன் வைத்தார். பிற்காலத்தில் வெல்லிங்டன் பிரபுவாகப் புகழ் பெற்ற ஆர்தர் வெல்லெசுலி அதற்குத் துணை நின்றார். சென்னை நிதிக் குழுவின் உறுப்பினர் ஒருவரோ எள்ளி நகையாடினார். சீரங்கப்பட்டணம் போக வேண்டியவர் பல்லக்குத் தூக்கிகளின் தலைவனிடம் சொன்னால் போதாதா, இதற்கு அளவை எதற்கு என்பது அவர் வாதம்!

அளவையின் தேவையைக் கடல் உணர்த்தியது. அந்நாளில் நாட்டின் படம் கடற்கரையிலிருந்தே வரையப்பட்டது. கப்பலில் சென்று கரையை வரைந்தனர். ஆயின் கிழக்கு மேற்குத் தொலைவை, அதாவது தீர்க்கரேகையை, கப்பலிலிருந்து பிழையின்றி அறிவது அரிது. சோழமண்டலக் கரையை அளந்த மைக்கேல் டாப்பிங் என்பார் இக்குறையை உணர்ந்தவர். சென்னை வானாய்வுக் கூடமும் 1794-இல் நில அளவைப் பள்ளியும் தோன்ற அவரே காரணர். அவர் 1796-இல் மறைந்தார். கரையோடு நின்ற கணக்கை லாம்டன் நிலத்தின் மேல் ஏற்றினார்.

1802 ஏப்ரல் 10. பரங்கிமலைக்கும் பெரும்பாக்கம் குன்றுக்கும் இடையே ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். நூறு அடி நீள எஃகுச் சங்கிலி. வெயிலில் இரும்பு நீளும் அன்றோ? எனவே சங்கிலியைப் பெட்டிகளில் கிடத்தி, நிழல் அமைத்து, வெப்பமானி வைத்து அளந்தார். அச்சங்கிலிக்கும் ஒரு கதை உண்டு. சீனப் பேரரசருக்குக் காட்டவெனத் தூதுக்குழுவோடு சென்ற பொருள்களுள் அதுவும் ஒன்று. அங்கே பயன்படாது போய்க் கல்கத்தா வழியாக லாம்டனிடம் வந்து சேர்ந்தது.

முக்கோணத்தின் ஒரு பக்கமும் இரு கோணங்களும் தெரிந்தால் மற்றப் பக்கங்களைக் கணக்கிடலாம் என்பது நாம் பள்ளியிலேயே கற்ற பாடம். அந்தப் பாடத்தைக் கொண்டே அவர் நாட்டை அளந்தார். குன்றுக்குக் குன்று கொடி நாட்டி, முக்கோணத்தின்மேல் முக்கோணமாகக் கோத்துக்கொண்டே மலைத்தொடர் ஏறிப் பெங்களூரை அடைந்தார். 1804-இல் அங்கே மற்றோர் அடிக்கோட்டைச் சங்கிலியாலும் அளந்தார். கணக்கில் வந்த நீளத்துக்கும் கையால் அளந்த நீளத்துக்கும் வேறுபாடு நான்கு அங்குலம்கூட இல்லை! சென்னைக்கும் மங்களூருக்கும் இடையே 400 மைல் எனப் பழைய படங்கள் காட்டின. 360 மைல்தான் என்றார் லாம்டன். நாற்பது மைல் நிலம் ஒரே கணக்கில் மறைந்தது.

அவருடைய தியோடலைட் என்னும் கோணமானி அரை டன் எடையுள்ளது. இலண்டனிலிருந்து வரும் வழியில் பிரெஞ்சுக் கப்பல் ஒன்று அதைக் கைப்பற்றி மொரீசியசுக்குக் கொண்டுபோயிற்று. அறிவியற் கருவி என்றறிந்த பிரெஞ்சு ஆளுநர் பகைவருக்கே அதை மரியாதையுடன் அனுப்பிவைத்தார். பகைவரிடம் தப்பிய கருவிக்குத் தஞ்சையில் விபத்து நேர்ந்தது. சுற்றிலும் குன்றில்லாத சமவெளி ஆதலின், 1808-இல் பெரிய கோயில் கோபுரத்தின் மேல் அதைக் கயிறு கட்டி ஏற்றினார்கள். கயிறு நழுவிக் கருவி சுவரில் மோதி நெளிந்தது. முன்னொரு நாள் உலகளந்த இராசராசனின் கோயிலில், உலகளக்க வந்த கருவி உடைந்தது! மற்றொருவராயின் மனமுடைந்திருப்பார். லாம்டன் கூடாரத்துள் புகுந்து கொண்டார். பலகையில் சரியான வட்டம் வெட்டி, ஆப்பும் திருகும் கப்பியும் கொண்டு, ஆறு வாரங்களில் சிறிது சிறிதாக நெளிவை நீக்கினார். மீண்டும் அளவை தொடர்ந்தது. குமரிமுனை வரை சென்றது.

இப்பணியை மக்களும் மன்னர்களும் வரவேற்றார்களா? இல்லை. மலையுச்சியில் அந்நியன் கொடி நாட்டினால் அது ஆட்சியின் அடையாளம் அன்றோ? தொலைநோக்கி அந்தப்புரத்தை எட்டிப் பார்க்கிறது என்றும் ஐயம் எழுந்தது. கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டது 1799-இல். மருது சகோதரர்கள் மாண்டது 1801-இல். வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தது 1806-இல். திருவிதாங்கூரில் தளவாய் வேலுத்தம்பி எழுந்தது 1809-இல். இந்த ஆண்டுகளின் ஊடேதான் லாம்டனின் கொடிகள் ஊர்ந்தன. ஆதலின் அவர்கள் ஐயத்தை அறியாமை என்று ஒதுக்கிவிடுதல் நேர்மையாகாது. படம் கையில் இருந்தால் படை செல்ல வழி தெரியும். வரி விதிக்க அளவு தெரியும். தொலைநோக்கியைப் பற்றி அவர்கள் தவறாக எண்ணினார்கள். அதன் பின்னால் நின்ற ஆட்சியைப் பற்றிச் சரியாகவே எண்ணினார்கள்.

1818-இல் இப்பணி ‘மாபெரும் முக்கோண அளவை’ என்னும் பெயர் பெற்றது. எவரெசுட்டு என்னும் இளைஞர் உதவியாளராக வந்து சேர்ந்தார். காடும் காய்ச்சலும் பலரை வாட்டின. ஏறத்தாழ எழுபது வயதிலும் லாம்டன் ஓயவில்லை. நாகபுரியை நோக்கிச் சென்றுகொண்டிருந்தபோது, 1823 சனவரி 20 அன்று இங்கண்காட் என்னும் ஊரில் உயிர் நீத்தார். இன்றைய மகாராட்டிர மாநிலத்தில் உள்ள அவ்வூரிலேயே அவர் உறங்குகிறார். உதவியாளரின் பெயர் உலகின் மிக உயர்ந்த சிகரத்துக்கு வாய்த்தது. அந்தச் சிகரத்தின் உயரத்தைக் கணக்கிடுவதில் முன்னின்ற இராதாநாத் சிக்தர் ஓர் இந்தியர். வழிகாட்டிய லாம்டனின் பெயரை அறிந்தவர் சிலரே. சங்கிலி இழுத்த, கொடி பிடித்த, கருவியை மலைமேல் தூக்கிச் சென்ற நம்மவர் பெயரை அறிந்தவரோ ஒருவரும் இல்லர்.

நண்பர்களே! ஓசூர்ச் சாலையில் இன்றும் முக்காலி நட்டுக் கருவி பார்ப்பவரைக் காண்கிறோம். அவரைக் கண்டதும் நம் ஊர்ப் பெரியவர்கள் வேலையை நிறுத்திவிட்டு அருகே செல்கிறார்கள். தொழிற்சாலைக்கா, சாலைக்கா, யார் நிலம் போகிறது என்று கேட்கிறார்கள். அன்று மலைமேல் கொடியைக் கண்டவர்கள் கேட்ட அதே கேள்விதான் இது. நம்முள் சிலர் நாளை பொறியாளராகலாம், அளவையாளராகலாம், அதிகாரியுமாகலாம். நான்கு அங்குலப் பிழையையும் மறைக்காத லாம்டனின் நேர்மையை நாம் கற்றுக்கொள்வோம். அவர் காலத்தில் மக்களுக்குக் கிடைக்காத விடையை, அந்தப் பெரியவர்களுக்கு நின்று சொல்லிவிட்டு அளப்போம்.