லூயி பாஸ்டரும் ஈஸ்ட்டும்

பிரான்சு நாட்டின் கிழக்கே டோல் என்னும் ஊரில், 1822-ஆம் ஆண்டு டிசம்பர் 27-ஆம் நாள் லூயி பாஸ்டர் பிறந்தார். அவருடைய தந்தையார் நெப்போலியனது படையில் பணியாற்றித் திரும்பியபின் தோல் பதனிட்டு வாழ்ந்தவர். இளம்வயதிலேயே படிகங்களைப் பற்றிய ஆராய்ச்சியால் புகழ் பெற்ற பாஸ்டர், 1854-இல் லில் நகரத்து அறிவியற் கல்லூரியின் தலைவரானார்.

அந்நகரில் பீட்ரூட் சாற்றிலிருந்து சாராயம் வடிக்கும் தொழில் சிறந்து விளங்கிற்று. 1856-இல் பிகோ என்னும் வடிசாலை உரிமையாளர் பாஸ்டரை நாடி வந்தார். அவருடைய தொட்டிகள் சிலவற்றில் சாறு சாராயமாகாமல் புளித்து வீணாயிற்று. பாஸ்டர் நுண்பெருக்கியும் கையுமாய்த் தொட்டிகளைச் சுற்றி வந்தார். நல்ல சாற்றில் உருண்டையான ஈஸ்ட் அணுக்களும், கெட்ட சாற்றில் கோல் போன்ற வேறு நுண்ணுயிர்களும் காணப்பட்டன.

ரொட்டி மாவைப் பொங்கச் செய்யும் ஈஸ்ட் ஓர் உயிரி என்று 1837-ஆம் ஆண்டளவிலேயே சிலர் கூறியிருந்தனர். ஆனால் ஜெர்மனியின் பெரும் வேதியியல் அறிஞரான லீபிக் அதனை ஏற்கவில்லை. ஈஸ்ட் அழுகிச் சிதையும்போது எழும் அசைவே சர்க்கரையையும் சிதைக்கின்றது என்பது அவர் கொள்கை. சர்க்கரை முழுவதும் சாராயமாகவும் கரியமில வாயுவாகவும் பிரிந்துவிடுகின்றது, வேறொன்றும் மிஞ்சுவதில்லை என்றே அக்காலத்து வேதியியல் கணக்கும் எழுதப்பட்டிருந்தது. அழகிய கணக்குத்தான், ஆனால் எடை போட்டுப் பார்த்தபோது அது பொருந்தவில்லை.

1857-இல் பாரிசுக்குச் சென்ற பாஸ்டருக்கு அங்கே ஆய்வுக்கூடமாக வாய்த்தவை கூரையடியில் இருந்த இரண்டு சிற்றறைகளே. நொதித்து முடிந்த நீரை அங்கே அவர் வற்றக் காய்ச்சி, எஞ்சியதைப் பகுத்து நிறுத்தார். நூறு பங்கு சர்க்கரைக்கு மூன்று பங்குக்குச் சற்று மேலாகக் கிளிசரின் கிடைத்தது. அரைப் பங்குக்கு மேல் சக்சினிக் அமிலமும் இருந்தது. ஏறத்தாழ ஒரு பங்கு ஈஸ்ட்டின் உடலாகவே மாறியிருந்தது. பிறர் தள்ளிவிட்ட இச்சிறு எச்சத்தில் உயிரின் வினை தெரிவதாக அவர் கருதினார்.

இவ்வாராய்ச்சி நடந்துகொண்டிருந்த 1859-ஆம் ஆண்டில், அவருடைய மூத்த மகள் ஜீன் ஒன்பதாம் வயதில் குடற்காய்ச்சலால் இறந்தாள். துயரத்தை உள்ளடக்கிக்கொண்டு அவர் பணியைத் தொடர்ந்தார். 1860-இல் நொதித்தலைப் பற்றிய அவருடைய விரிவான கட்டுரை வெளியாயிற்று.

அதில் கண்ட ஒரு சோதனை லீபிக்கின் கொள்கையை வேரிலேயே தாக்கியது. சர்க்கரை, அம்மோனிய உப்பு, ஈஸ்ட்டை எரித்த சாம்பல் ஆகியவற்றை மட்டும் நீரில் கரைத்து, ஊசித்தலையளவு புது ஈஸ்ட்டை அதில் இட்டார். அழுகுவதற்குரிய புரதம் எதுவும் நீரில் இல்லை. ஆயினும் ஈஸ்ட் பெருகியது, சர்க்கரையும் நொதித்தது. லீபிக் ஐயுற்றபோது, அறிஞர் குழுவின் முன் அச்சோதனையைச் செய்துகாட்டப் பாஸ்டர் முன்வந்தார். லீபிக் அவ்வழைப்பை ஏற்காமலே 1873-இல் மறைந்தார்.

உயிருள்ள ஈஸ்ட் இன்றி நொதித்தல் நிகழாது என்பதில் பாஸ்டர் இறுதிவரை உறுதியாக நின்றார். 1895-இல் அவர் காலமானார். இரண்டே ஆண்டுகள் கழித்து, ஜெர்மானியரான புக்னர் ஈஸ்ட்டை மணலோடு அரைத்துப் பிழிந்தார். உயிரணு எதுவும் இல்லாத அச்சாறும் சர்க்கரையைச் சாராயமாக்கியது! சாற்றிலிருந்த நொதிப்பொருள்களே அவ்வினையைச் செய்தன.

எனினும் கிளிசரினைப் பற்றிய பாஸ்டரின் எண்ணம் வீண்போகவில்லை. ஈஸ்ட் சர்க்கரையை உடைக்கும்போது ஹைட்ரஜன் பிரிகின்றது; அதனை எங்கேனும் சேர்த்தாக வேண்டும். அதனை ஏற்கும் பொருள் சாராயமாகின்றது. ஆனால் ஈஸ்ட் தன் உடலை வளர்க்கச் சர்க்கரையின் ஒரு பகுதியைச் செலவிடும்போது, ஏற்பார் இன்றிச் சிறிது ஹைட்ரஜன் மிஞ்சிவிடுகின்றது. அவ்வாறு மிஞ்சியதைச் சர்க்கரையின் பாதித்துண்டு ஒன்றின்மீது ஏற்றிக் கிளிசரினாக்கி வெளியேற்றுகின்றது. பின்னர்க் காற்று தாராளமாகக் கிடைக்குமாயின், அந்தக் கிளிசரினையே உணவாகக் கொள்ளவும் ஈஸ்ட் அறியும்.