மாடு திடீர்னு கத்துவது ஏன்? மூளையின் ரகசியத்தை உடைத்த ஜெஃப்ரி ஹாரிஸ்... யார் இவர்?

மயிலம், திண்டிவனம் பக்கம் மாடு வளர்ப்பவர்களுக்குப் பழகிப்போன விஷயம்தான் இது. நேற்று வரை சாதுவாக நின்ற பசு, திடீரென விடாமல் கத்தும், மற்ற மாடுகள் மேல் தாவும், தீவனம் எடுக்காது. பருவத்துக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். சினை ஊசி போட இதுதான் நேரம். தவறவிட்டால் இன்னும் 21 நாள் காத்திருக்கணும். அத்தனை நாள் தீவனச் செலவும் நஷ்டம்தான்.

இதையெல்லாம் ஆட்டிவைப்பது எது? சினைப்பையின் ஹார்மோனும் மூளையும் சேர்ந்துதான். இதில் மூளையின் பங்கை நிரூபித்தவர் ஜெஃப்ரி ஹாரிஸ்.

யார் இவர்?

1913ல் லண்டனில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் படித்தவர். மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரிதான் மற்ற சுரப்பிகளுக்குத் தலைவன் என்று நம்பிய காலம் அது. அந்தத் தலைவனுக்கு உத்தரவு போடுவது யார் என்று தேடினார் ஹாரிஸ்.

முயல் சொன்ன பதில்

முயலுக்கு இணை சேர்ந்த பிறகுதான் கருமுட்டை வெளிவரும். ஹாரிஸ், முயல் மூளையின் ஹைபோதாலமஸ் பகுதியை மின்சாரத்தால் தூண்டினார். இணை சேராமலேயே கருமுட்டை வந்தது! 1937ல் இந்த முடிவு வெளியானது.

ஆனால் பிட்யூட்டரியின் முன்பகுதியை நரம்புகள் நேரடியாக இயக்குவதாகத் தெரியவில்லை. அப்படின்னா உத்தரவு எப்படிப் போகிறது? மூளையில் சுரக்கும் ரசாயனம், நுண்ணிய ரத்தக்குழாய்கள் வழியாகப் போகிறது என்றார் ஹாரிஸ். பிரபல விஞ்ஞானி சாலி சக்கர்மன் இதைக் கடுமையாக மறுத்தார்.

1952ல் டோரா ஜேக்கப்சனுடன் சேர்ந்து எலிகளில் பிட்யூட்டரியை இடம் மாற்றி வைத்தார். ஹைபோதாலமஸுக்குக் கீழே வைத்தால் வேலை செய்தது, தள்ளி வைத்தால் செய்யவில்லை.

அடுத்து பூனைகள். சினைப்பை அகற்றப்பட்ட பூனைகளின் ஹைபோதாலமஸில் மட்டும் ஈஸ்ட்ரோஜன் போன்ற மருந்தை வைத்தனர். கருப்பையில் மாற்றமே இல்லை. ஆனாலும் பூனைகள் இணை சேரத் தயாராகின.

கிடைக்காத நோபல்

ஹாரிஸ் சொன்ன அந்த ரசாயனங்களில் ஒன்றான ஜிஎன்ஆர்ஹெச் ஹார்மோனின் அமைப்பு 1971ல் தெரிந்தது. அதே ஆண்டு நவம்பரில், 58 வயதில் ஹாரிஸ் இறந்தார். 1977ல் கில்லெமின், ஷாலி இருவருக்கும் இந்தத் துறைக்காக நோபல் கிடைத்தது. இறந்தவர்களுக்கு நோபல் கிடையாதே!

திரும்பத் திரும்ப ஊசி போட்டும் சினை நிற்காத மாடுகளுக்கு, கால்நடை மருத்துவர்கள் இன்று இந்த ஹார்மோனையும் பயன்படுத்துகிறார்கள்.

கவனிக்க: காலையில் பருவ அறிகுறி தெரிந்தால் அன்று மாலையும், மாலையில் தெரிந்தால் மறுநாள் காலையும் சினை ஊசி போடுவது நல்லது.