மிடல்ஹார்னிஸ் சாலையும் ஓவியர் ஹொப்பெமாவும்

ஆலந்து நாட்டு நிலக்காட்சி ஓவியர்களுள் மைன்டர்ட் ஹொப்பெமா தனியிடம் பெற்றவர். 1638ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாமில் தச்சர் ஒருவரின் மகனாகப் பிறந்த இவர், 1653இல் தம்பி தங்கையருடன் அநாதை இல்லத்தில் சேர்க்கப்பெற்றார். ஈராண்டுகளில் அதனின்று நீங்கி, புகழ்மிகு ஓவியர் யாக்கோப் வான் ரூய்ஸ்டாலிடம் தொழில் பயின்றார். காட்டுவழிகளும் நீராலைகளும் இவர் விரும்பி வரைந்தவை.

1668இல் இவருக்குத் திருமணம் நிகழ்ந்தது. அவ்வாண்டிலேயே நகர வரித்துறையில் பணியும் கிட்டியது. வந்திறங்கும் மதுப் பீப்பாய்களை வரிவிதிப்பின் பொருட்டு அளந்து குறிப்பதே அப்பணி. அதன்பின் இவர் வரைந்தவை மிகச் சிலவே. அளவுகோல் தூரிகையை வென்றுவிட்டது என்றே நாம் எண்ணக்கூடும்.

ஆயினும், இருபத்தோராண்டுகள் கழிந்து, 1689இல் இவர் தீட்டிய 'மிடல்ஹார்னிஸ் சாலை' அவ்வெண்ணத்தை மாற்றிவிடுகிறது. தென் ஆலந்தின் ஒரு தீவிலுள்ள சிற்றூர் மிடல்ஹார்னிஸ். அவ்வூரை நோக்கி, வண்டித்தடம் பதிந்த மண்சாலை நேராகச் செல்கிறது. இருமருங்கிலும் கிளை கழிக்கப்பெற்ற மெலிந்த மரங்கள் ஓங்கி நிற்கின்றன. தொலைவில் தேவாலயக் கோபுரம். வலப்புறம் நாற்றுமரங்களைப் பேணும் தொழிலாளி. சாலையில் நாயுடன் நம்மை நோக்கி வரும் ஒருவர். வியத்தகு நிகழ்ச்சி எதுவும் இதில் இல்லை. எனினும், காண்போர் உள்ளத்தில் அமைதியும் இனம்புரியாத ஏக்கமும் ஒருங்கே எழுகின்றன.

இவ்வுணர்வு எங்ஙனம் பிறக்கிறது? தொடுவானம் தாழ்வாக அமைந்தமையால் ஓவியத்தின் பெரும்பகுதியை வானமே ஆள்கிறது. அதன் பரப்பில் மனிதர் சிறியராகின்றனர். சாலையோ நம் கண்களைத் தொலைவுக்கு ஈர்த்துச் செல்கிறது. எக்ஸ்ரே ஆய்வு மற்றோர் உண்மையையும் புலப்படுத்தியுள்ளது. சாலையின் முன்புறத்தில் இருபக்கமும் முதலில் வரைந்த மரங்களை ஓவியர் பின்னர் வண்ணம் பூசி மறைத்திருக்கிறார். அவ்வெற்றிடத்தின் வழியாகவே வானம் விரிகிறது. சேர்ப்பதைப் போன்றே நீக்குவதும் கலையாதலை நாம் இங்குக் காண்கிறோம்.

1709இல் ஹொப்பெமா மறைந்தார். வறியோர்க்குரிய புதைகுழியே அவருக்கு வாய்த்தது. அவருடைய சாலையோ 1871 முதல் இலண்டன் தேசியக் கலைக்கூடத்தில் இடம்பெற்றுள்ளது. பிழைப்புக்காக ஏற்ற பணி நம் நாள்களை எடுத்துக்கொள்ளலாம். காணும் கண்ணை நாமாக மூடினாலன்றி அது மூடுவதில்லை. பட்டம் பெற்று அலுவல் தேடிச் செல்லும் நம் மாணவர்கள் இவ்வாழ்விலிருந்து பெறத்தக்க பாடம் இதுவே எனலாம்.