வ. உ. சி. படித்த நூல்களும் பகிர்ந்த நூல்களும்

கப்பலோட்டிய தமிழர் என்று சொன்ன மாத்திரத்தில் சுதேசிக் கப்பலும், கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தமும், கோவைச் சிறையின் செக்கும் நம் மனக்கண் முன் வந்து நிற்கின்றன. இவற்றைத் தூத்துக்குடி வட்டாரத்துப் பள்ளிச் சிறுவரும் நன்கறிவர். ஆனால் திரு. வ. உ. சிதம்பரம் பிள்ளை அவர்கள் வாழ்நாள் முழுதும் ஒரு நல்ல வாசகராக விளங்கினார் என்பதும், தாம் கற்றதைத் தனியே வைத்துக்கொள்ள மனம் ஒப்பாதவராக இருந்தார் என்பதும் அத்துணை அறியப்படவில்லை. நம் சமுதாயத்தில் பிறவாத ஒருவரைப் பற்றி நமது கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலரில் எழுதுவது ஏன் என்று சிலர் கேட்கக்கூடும். அதற்கான விடை அவர் வாழ்விலேயே உள்ளது.

அவர் 1872ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் ஒட்டப்பிடாரத்தில் பிறந்தார். தந்தையார் உலகநாத பிள்ளை வழக்கறிஞர். எழுத்தறியுமுன்பே பாட்டனாரும் பாட்டியாரும் சொன்ன புராணக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர் சிதம்பரனார். வீரப்பெருமாள் அண்ணாவி என்பார் அவருக்குத் தமிழ் கற்பித்தார். பின்னர்த் தூத்துக்குடியிலும் திருநெல்வேலியிலும் பயின்று, சட்டத் தேர்வில் தேறி, தந்தையைப் போலவே வழக்கறிஞரானார். இல்லத்துத் திண்ணையில் கேட்ட கதையே நூலார்வத்துக்கு முதல் விதை என்பதை நாற்காலியில் அமர்ந்து பாடஞ்சொல்லும் எம்போன்றோர் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

இளம் வழக்கறிஞராக இருந்த அந்நாட்களில் அவருக்கு வேதாந்த நூல்களில் பெரும் ஈடுபாடு உண்டாயிற்று. அந்நூற்பொருளை உடனிருந்து ஆராய்வதற்கு ஒரு துணை வேண்டியிருந்தது. இராமையா தேசிகர் என்னும் அறிஞர் அத்துணையாக வாய்த்தார். தேசிகர் கண்பார்வை அற்றவர். ஆதிதிராவிடர் குலத்தில் தோன்றியவர். அவரைத் தம் இல்லத்திலேயே தங்கவைக்க விரும்பிய சிதம்பரனார், முதலில் தம் மனைவியார் வள்ளியம்மையின் கருத்தைக் கேட்டார். அவ்வம்மையார் மனமுவந்து இசைந்ததோடு, தாமே உணவு படைத்தும் உபசரித்தார். உற்றாரும் ஊராரும் பழித்தனர். நம்மவர் தெருவில் நடப்பதற்கே தடையிருந்த அக்காலத்தில், உயர்ந்தோர் எனப்பட்ட ஒரு குடும்பத்தின் அடுக்களை வரை அவ்வரவேற்பு சென்றது எளிய செயலன்று. எனினும் தேசிகரை அவர்கள் விலக்கவில்லை.

இந்நிகழ்ச்சியை எழுதுவோர் பலர் இதனைச் சாதி கடந்த இரக்கம் என்று கூறி முடித்துவிடுகின்றனர். அஃது எமக்கு உடன்பாடன்று. சிதம்பரனார் தேசிகரை அழைத்தது அன்னமிடுவதற்காக அன்று. அவரிடமிருந்த அறிவைப் பெறுவதற்காக. கண்ணொளி இல்லாத ஒருவருக்கு நூல் என்பது செவி வழியே வருவது. ஒருவர் வாசிக்க மற்றவர் பொருள் விரிப்பது. அங்கே கொடுப்பவர் யார், கொள்பவர் யார்? இருவருமே இரண்டும் ஆவர். கற்றவர் என்ற முறையில் நம்மவர் ஒருவரை நாடி ஒரு வழக்கறிஞர் வந்தார் என்பதே நம் பிள்ளைகள் அறிய வேண்டிய செய்தி.

ஒரு செய்தியை இடையே சொல்லவேண்டும். முத்துக்குளித்துறைக்கு அச்சு நூல் புதியதன்று. 1578ஆம் ஆண்டு கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம் இக்கரைவாழ் மக்களை எண்ணியே ஆக்கப்பெற்றது. அச்சு வந்தது முந்தி. எல்லோர் கைக்கும் நூல் வந்தது வெகு பிந்தி.

சுதேசி நாவாய்ச் சங்கம் 1906இல் தோன்றியதும், 1908இல் சிதம்பரனார் சிறைப்பட்டு இரட்டை ஆயுள் தண்டனை பெற்றதும், மேல்முறையீட்டில் அது குறைக்கப்பட்டதும் பலரும் விரித்துரைத்தவை. சிறையில் அவர் என்ன படித்தார் என்பதே ஈண்டு நம் நோக்கம். ஆங்கில அறிஞர் ஜேம்ஸ் ஆலன் எழுதிய சிறு நூல்கள் அவருக்கு ஆறுதல் அளித்தன. தாம் பெற்ற ஆறுதல் ஆங்கிலம் அறியாத தமிழருக்கும் கிட்ட வேண்டும் என எண்ணி, அவற்றைத் தமிழாக்கினார். மனம் போல வாழ்வு, அகமே புறம் என்பன அவ்வாறு பிறந்தவை. பகலெல்லாம் உடல் நோக உழைத்த ஒருவர், எஞ்சிய நேரத்தில் பிறருக்காக மொழிபெயர்த்தார் என்பதை எண்ணிப் பாருங்கள்.

கோவையிலிருந்து கண்ணனூர்ச் சிறைக்கு மாற்றப்பட்ட பின் அவர் ஓர் ஆசிரியராகவே ஆனார். உடனிருந்த கைதிகள் சிலர் தமக்கு அறநூல் கற்பிக்குமாறு வேண்டினர். அவர்களுக்குப் பாடஞ்சொல்லத் தொடங்கியதன் பயனே மெய்யறிவு என்னும் நூல். திருக்குறளை அடியொற்றி 125 அதிகாரங்களில் மெய்யறம் இயற்றியதும் அச்சிறையிலேதான். மெய்யறத்தின் முதற்பகுதிக்கு மாணவரியல் என்று பெயர் வைத்தார். கரும்பலகையும் இல்லை, கட்டணமும் இல்லை. மாணாக்கரோ குற்றவாளிகள் என்று உலகம் ஒதுக்கியவர்கள். கட்டட வசதி இல்லை என்று கல்வி அதிகாரிகளுக்கு விண்ணப்பம் எழுதும்போதெல்லாம் அப்பள்ளி எம் நினைவுக்கு வரும்.

1912 டிசம்பரில் விடுதலை பெற்றார். வழக்கறிஞர் உரிமை பறிக்கப்பட்டிருந்தது. கப்பல் நிறுவனம் அழிந்திருந்தது. சென்னையில் வறுமையோடு போராடினார். அவ்வறுமையிலும் அவர் கைவிடாதது நூற்பணி. 1917ஆம் ஆண்டு திருக்குறள் அறத்துப்பாலுக்கு மணக்குடவர் எழுதிய பழைய உரையைப் பதிப்பித்தார். பரிமேலழகர் ஒருவரையே அறிந்திருந்த வாசகருக்கு வேறொரு வாயில் திறந்தது. தொல்காப்பியத்தைச் சிறையிலிருந்தபோது பயின்றவர், இளம்பூரணர் உரையின் எளிமையில் உள்ளம் பறிகொடுத்தார். எளிய உரை எல்லோருக்கும் கிடைக்க வேண்டும் என்ற ஆவலால் அதனையும் பதிப்பிக்கும் முயற்சியில் பல ஆண்டுகள் உழைத்தார். நல்ல நூல் ஒன்றைக் கண்டால் அதைப் பிறரிடம் சேர்க்கும் வரை உறங்க மாட்டாத இயல்பு அது.

வழக்கறிஞர் உரிமை மீண்டும் கிடைத்ததும் கோவிற்பட்டியில் தொழில் நடத்தினார். உரிமை கிடைக்க உதவிய நீதிபதி வாலேசின் பெயரைத் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று இட்டார். முதுமையில் தூத்துக்குடிக்கே திரும்பி வந்தார். 1935இல் சிவஞான போதத்துக்கு அவர் எழுதிய உரை வெளிவந்தது. 1936 நவம்பர் 18ஆம் நாள் தூத்துக்குடிக் காங்கிரசு அலுவலகத்தில் உயிர் நீத்தார். இறுதி உயிலில் கடைகளுக்குத் தரவேண்டிய சிறு கடன்களையும் மறவாமல் குறித்திருந்தார். தூத்துக்குடித் துறைமுகம் 2011ஆம் ஆண்டு முதல் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

தம் வரலாற்றை அவர் செய்யுளாகவே எழுதிவைத்தார். இராமையா தேசிகரையும் அவருக்கு உணவிட்ட வள்ளியம்மையையும் அதில் அவர் விடாது பாடியிருக்கிறார். எத்தனையோ நூல்களை அச்சேற்றியவரின் அந்நூல், அவர் மறைந்து பத்தாண்டு கழித்து 1946இல்தான் அச்சில் வந்தது.