ஜான் டிண்டல்

பகலில் ஞாயிற்றிடமிருந்து பெற்ற வெப்பத்தைப் பூமி இரவும் பகலும் விண்வெளிக்கு வீசிக்கொண்டே இருக்கிறது. அவ்வெப்பம் தடையின்றி வெளியேறுமாயின் நிலமும் கடலும் உறைந்துபோகும். அதனைத் தடுத்து நிறுத்துவது நம்மைச் சூழ்ந்துள்ள காற்றே என்று பிரெஞ்சு அறிஞர் ஃபூரியே 1824ஆம் ஆண்டில் கருதினார். ஆனால், காற்றில் கலந்துள்ள வாயுக்களுள் எது அதனைச் செய்கிறது? இவ்வினாவுக்குச் சோதனை வாயிலாக விடை கண்டவர் ஜான் டிண்டல் ஆவார்.

டிண்டல் 1820ஆம் ஆண்டு ஆகஸ்டு 2ஆம் நாள் அயர்லாந்தில் பிறந்தார். தந்தையார் காவல்துறையில் பணியாற்றியவர், செல்வம் இல்லாதவர். டிண்டல் 1839இல் நில அளவைத் துறையில் சேர்ந்தார். குறைந்த ஊதியத்தை எதிர்த்து உடன் பணியாற்றியோருடன் சேர்ந்து குரல் கொடுத்தமையால் 1843இல் வேலையை இழந்தார். பின்னர் இருப்புப்பாதை அமைக்கும் அளவைப் பணி புரிந்தார். 1847இல் இங்கிலாந்தில் பள்ளி ஆசிரியரானார். அறிவியல் வேட்கை அவரை அங்கும் இருக்க விடவில்லை. தாம் சேமித்த சிறு பொருளுடன் 1848இல் ஜெர்மனியின் மார்பர்க் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். இரவும் பகலும் உழைத்து, 1850இல் டாக்டர் பட்டம் பெற்றார். 1853இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் பேராசிரியராக அமர்ந்தார். பெரும் விஞ்ஞானியாகிய ஃபாரடே அங்கு அவருக்கு வழிகாட்டியாகவும் நண்பராகவும் விளங்கினார்.

1859ஆம் ஆண்டில் டிண்டல் தம் புகழ்பெற்ற சோதனையைத் தொடங்கினார். நீண்ட பித்தளைக் குழாய் ஒன்றின் இரு முனைகளையும் பாறை உப்புத் தகடுகளால் மூடினார். கண்ணாடியைப் போலன்றி, பாறை உப்பு வெப்பக் கதிர்களைத் தன்னூடே செல்லவிடும். கொதிநீர் நிரம்பிய கலம் ஒன்றன் வெப்பம் குழாய் வழியே சென்று வெப்பமின் கருவியின் ஒரு பக்கத்தில் விழுந்தது. மற்றொரு கலத்தின் வெப்பம் அதன் மறுபக்கத்தில் விழுந்தது. இரண்டும் சமமாக இருந்தபோது கால்வனோமீட்டரின் முள் அசையாது நின்றது. குழாயினுள் செலுத்தப்படும் வாயு வெப்பத்தைச் சிறிதளவு உறிஞ்சினாலும் சமநிலை குலைந்து முள் நகரும்.

சொல்வதற்கு எளிதாகத் தோன்றும் இச்சோதனை, செய்வதற்கு மிகக் கடினமாக இருந்தது. கால்வனோமீட்டரின் முள் காரணமின்றி விலகி நின்றது. ஆராய்ந்தபோது, கம்பியைச் சுற்றியிருந்த பச்சைப் பட்டு நூலின் சாயத்தில் இரும்பு கலந்திருந்தது தெரியவந்தது. டிண்டல் அதனை நீக்கி வெள்ளைப் பட்டுச் சுற்றினார். 1860ஆம் ஆண்டு செப்டம்பர் 9 முதல் அக்டோபர் 29 வரை நாள்தோறும் எட்டு முதல் பத்து மணி நேரம் உழைத்தார். அவ்வளவு உழைத்துப் பெற்ற முடிவுகளிலும் பிழை இருப்பதைக் கண்டார். அவற்றைக் காப்பாற்ற எண்ணாது ஒதுக்கிவிட்டு, மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார். பிறர் அறியாத பிழையைத் தாமே வெளிப்படுத்தி உண்மையைத் தேடிய அந்நேர்மையே அவருடைய பெருமை.

இறுதியில் விடை கிடைத்தது. காற்றில் மிகுதியாக உள்ள நைட்ரஜனும் பிராணவாயுவும் வெப்பக் கதிர்களை ஏறத்தாழ முழுவதும் செல்லவிட்டன. மிகச் சிறிதளவே உள்ள நீராவியும் கரியமில வாயுவுமே அவற்றை உறிஞ்சின. இம்முடிவுகளை அவர் 1861இல் வெளியிட்டார். இதற்கு முன்பே, 1856இல், அமெரிக்கப் பெண்மணி யூனிஸ் ஃபூட், கரியமில வாயு நிரம்பிய கண்ணாடிக் குழாய் வெயிலில் மற்றவற்றைவிட மிகுதியாகச் சூடேறுவதைக் கண்டிருந்தார். இன்று பள்ளிகளில் இரு புட்டிகளும் வெப்பமானியும் கொண்டு மாணவர் செய்யும் சோதனை அவருடைய சோதனையைப் போன்றதே. சூடான பொருள் வீசும் கண்ணுக்குப் புலப்படாத வெப்பத்தையே இவ்வாயுக்கள் தடுக்கின்றன என்பதை அளந்து காட்டியவர் டிண்டல்.

அவர் 1861இல் வைஸ்ஹார்ன் என்னும் ஆல்ப்ஸ் சிகரத்தில் முதன்முதலாக ஏறிய குழுவின் தலைவருமாவார். 1872இல் அமெரிக்கா சென்று சொற்பொழிவாற்றி ஈட்டிய ஆதாயத்தை அந்நாட்டு அறிவியல் மாணவர்களுக்கே வழங்கினார். 1893ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் காலமானார்.

தொழிற்சாலைகள் பெருகுமுன் காற்றில் பத்து லட்சம் பங்குக்கு ஏறத்தாழ 280 பங்காக இருந்த கரியமில வாயு, 2024இல் 420 பங்கைக் கடந்திருந்தது. சிறிய பொருளும் பெரிய விளைவைத் தரும் என்பதை டிண்டலின் குழாய் நமக்கு என்றும் நினைவூட்டும்.