கணக்குத் தவறாத எளிமை

பொருள்களைக் குறைவாக வாங்குவதும், வாங்கியவற்றை நெடுநாள் பேணிப் பயன்கொள்வதும் நம் முன்னோர் வாழ்வில் தனியே கற்பிக்க வேண்டாத ஒழுக்கமாக இருந்தன. நைந்த வேட்டி துண்டாகும், துண்டு கரித்துணியாகும், அதிலும் எஞ்சியது விளக்குத் திரியாகும். பித்தளைப் பாத்திரத்தில் ஈயம் தேய்ந்தால் மீண்டும் ஈயம் பூசுவார்களே அன்றிப் பாத்திரத்தைக் கழித்துவிட மாட்டார்கள். அவ்வொழுக்கம் இன்று சிலரால் வறுமையின் அடையாளமாகவும், சிலரால் கருமித்தனமாகவும் எண்ணப்படுகிறது. அது நேர்மையின் பாற்பட்டது, கணக்கறிந்தவன் தெரிந்து மேற்கொள்ளும் நெறி என்பதைத் தம் வாழ்வாலும் நூல்களாலும் நிறுவிய பெருமகன் ஒருவர் தமிழ் மண்ணில் தோன்றினார். அவரே பொருளியல் அறிஞர் ஜே. சி. குமரப்பா. பத்தாண்டு நிறைவு காணும் நம் இலக்கிய வட்டத்தின் மலரில் அவர் வாழ்வை நினைவுகூர்வது பொருந்தும் எனக் கருதி இக்கட்டுரை எழுதப்படுகிறது.

தஞ்சையில் பிறந்த கணக்காய்வாளர்

குமரப்பா 1892-ஆம் ஆண்டு சனவரி 4-ஆம் நாள் தஞ்சாவூரில் ஒரு கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தார். தந்தையார் சாலமன் துரைசாமி கார்னீலியஸ் பொதுப்பணித் துறையில் அலுவலர். தாயார் எஸ்தர் ராஜநாயகம். பெற்றோர் இட்ட பெயர் ஜோசப் செல்லத்துரை கார்னீலியஸ். உடன்பிறந்தோருள் ஜெகதீசன் மோகன்தாஸ் குமரப்பாவும் பரதன் குமரப்பாவும் பின்னாளில் தத்தம் துறைகளில் பெயர் பெற்றவர்கள்.

இளமையில் இலண்டன் சென்று கணக்காய்வுத் துறையில் தேர்ச்சி பெற்ற செல்லத்துரை, முதல் உலகப் போர் முடிந்தபின் 1919-இல் தாயின் விருப்பத்துக்கு இணங்கித் தாயகம் திரும்பினார். பம்பாயில் பணியாற்றி, 1924-இல் கூட்டாளி ஒருவருடன் சொந்தமாகவே கணக்காய்வு நிறுவனம் தொடங்கினார். மேலைநாட்டு உடை, உணவு, பழக்கம் அனைத்தும் அவருக்கு இயல்பாய் அமைந்திருந்தன. வருவாய்க்கும் குறைவில்லை.

1927-இல் அமெரிக்கா சென்று சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகம் பயின்றார். பின்னர் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் செலிக்மன் என்னும் பேராசிரியரிடம் பொது நிதியியல் கற்றார். இந்தியாவின் வறுமைக்குக் காரணம் யாது என்பது பற்றி அவர் அங்கே ஒரு சொற்பொழிவு ஆற்றினார். அச்செய்தியை நாளிதழில் கண்ட பேராசிரியர் அதனையே ஆய்வுப் பொருளாகக் கொள்ளத் தூண்டினார். ஆங்கில அரசின் வரவு செலவை ஒரு கணக்காய்வாளன் கண்கொண்டு துருவிய குமரப்பாவுக்கு, தம் நாட்டு வறுமை இயற்கையின் கொடை அன்று, ஆட்சியின் விளைவு என்பது தெளிவாயிற்று. கணக்குப் புத்தகமே அவரை நாட்டுப்பற்றாளர் ஆக்கிற்று எனலாம். குடும்பத்தின் பழம்பெயரான குமரப்பாவை அவர் ஏற்றதும் அக்காலத்திலேயே.

சபர்மதி மரநிழலில்

தம் ஆய்வேட்டை வெளியிடும் நோக்குடன் 1929 மே 9-ஆம் நாள் காந்தியடிகளைக் காணச் சபர்மதிக்குச் சென்றார் குமரப்பா. குறித்த நேரத்துக்கு முன்பே வந்துவிட்டமையால் ஆற்றங்கரைப் பக்கம் உலாவினார். மரத்தடியில், சாணமிட்டு மெழுகிய தரையில் அமர்ந்து முதியவர் ஒருவர் நூல் நூற்றுக்கொண்டிருந்தார். இராட்டையை அதுவரை கண்டறியாத குமரப்பா, கைத்தடியை ஊன்றியபடி அதனை வியந்து நோக்கி நின்றார். சிறிது நேரத்தில் அம்முதியவர் தம் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, வந்திருப்பவர் குமரப்பாதானா என வினவினார். அப்போதுதான் அவர் யார் என்பது குமரப்பாவுக்குப் புலனாயிற்று. பட்டால் ஆன மேலைநாட்டு உடையின் மடிப்புக் கலைவதையும் பொருட்படுத்தாமல் தரையிலேயே அமர்ந்தார். நாற்காலி கொண்டுவந்தபோது அதனை ஏற்கவில்லை.

அந்தச் சந்திப்பு அவர் வாழ்வைத் திருப்பியது. ஆய்வேடு யங் இந்தியா இதழில் தொடராக வெளிவந்தது. குஜராத் வித்யாபீடத்தில் ஆசிரியப் பணி ஏற்றார். கேடா மாவட்டத்து மாத்தர் வட்டத்தில் மாணவர்களுடன் ஊர் ஊராகச் சென்று உழவர்களின் வரவு செலவைக் கணக்கெடுத்தார். பட்டுடை கதராயிற்று. பிற்காலத்தில் வேட்டிக்கும் பைஜாமாவுக்கும் இடைப்பட்ட ஓர் உடையை அவரே வகுத்து, தோத்திஜாமா எனப் பெயரிட்டு அணிந்தார். உடை மாறினாலும் உள்ளிருந்த கணக்காய்வாளர் மாறவில்லை என்பதே நாம் கருதத்தக்கது. முன்பு நிறுவனங்களின் கணக்கைச் சரிபார்த்த கண், இப்போது மக்கள் வாழ்வின் கணக்கைச் சரிபார்க்கத் தொடங்கிற்று. யங் இந்தியாவில் எழுதியதற்காகச் சிறையும் சென்றார். இங்கிலாந்து இந்தியாவின் தலையில் ஏற்றிய கடன்களை ஆராயக் காங்கிரசு 1931-இல் அமைத்த குழுவிலும் அவர் உழைத்தார்.

பொதுப்பணமும் ஒருவேளை உணவும்

1934 சனவரி 15-ஆம் நாள் பீகாரை நிலநடுக்கம் பாழ்படுத்தியது. துயர்துடைப்பு நிதியின் கணக்கைப் பேணும் பொறுப்பு குமரப்பாவிடம் வந்தது. கூட்டமொன்றுக்காகக் காந்தியடிகள் பாட்னாவுக்கு வந்தபோது, அவருடன் வந்தவர்களின் உணவுச் செலவையும் கார் எண்ணெய்ச் செலவையும் அந்நிதியிலிருந்து தர இயலாது எனக் குமரப்பா மறுத்துவிட்டார். காந்தியடிகள் அழைத்துக் கேட்டார். வீடிழந்தோர்க்கென்று மக்கள் தந்த பணத்தைப் பிறவற்றில் செலவிடத் தமக்கு உரிமை இல்லை என்று குமரப்பா விளக்கினார். காந்தியடிகள் அதனை ஏற்றுக்கொண்டார்.

இந்நிகழ்ச்சியைக் கண்டிப்புக்கு எடுத்துக்காட்டாகவே பலரும் சொல்வர். இதில் அதனினும் ஆழ்ந்த செய்தி ஒன்று உண்டு. சிக்கனம் என்பது காசைக் கட்டி வைப்பது என்று குமரப்பா கருதவில்லை. யாருக்குரிய பொருள் யாருக்குச் செல்கிறது என்னும் வினாவே அவர் சிக்கனத்தின் வேர். பின்னாளில் அவர் வகுத்த பொருளியல் முழுவதும் இவ்வேரிலிருந்து கிளைத்ததே.

மகன்வாடியின் விளக்கு

1934-ஆம் ஆண்டின் இறுதியில் அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கம் தோன்றியது. குமரப்பா அதன் செயலாளர் ஆனார். வார்தாவில் ஜம்னாலால் பஜாஜ் அளித்த தோட்டமும் கட்டடமும் சங்கத்தின் இருப்பிடமாயின. காந்தியடிகளின் உறவினரும் தொண்டருமான மகன்லால் காந்தியின் நினைவாக அவ்விடம் மகன்வாடி எனப் பெயர் பெற்றது.

அங்கே செக்கில் எண்ணெய் ஆட்டினர், கைக்குத்தலாக நெல் குத்தினர், வெல்லம் காய்ச்சினர், தேனீ வளர்த்தனர், கையால் காகிதம் செய்தனர். மண்ணெண்ணெய் வேண்டாத, தாவர எண்ணெயில் எரியும் மகன் தீபம் என்னும் விளக்கு அங்கு உருவாயிற்று. இவற்றைப் பழமைப் பற்று என எள்ளினோர் உண்டு. குமரப்பாவின் கருத்தோ வேறு. மண்ணெண்ணெய் நிலத்தடியில் உள்ள தேக்கம், எடுக்க எடுக்கக் குறையும், மீண்டும் ஊறாது. தாவர எண்ணெய் ஆண்டுதோறும் கழனியில் விளைவது. வெயிலும் மழையும் உள்ளவரை வந்துகொண்டே இருப்பது. முன்னதைத் தேக்கப் பொருளாதாரம் என்றும் பின்னதை ஓட்டப் பொருளாதாரம் என்றும் அவர் பிரித்தார். நிலக்கரியும் எண்ணெயும் கனிமங்களும் குறையக் குறைய அவற்றுக்காக நாடுகள் போரிடும் என்றும் எச்சரித்தார். முதலை எடுத்து உண்டு அதனை வருவாய் என்று எழுதிவைப்பதைக் கணக்கறிந்த எவரும் ஒப்பமாட்டார். உலகம் அதனையே செய்துகொண்டிருந்ததை அவர் கண்டார்.

வாங்குவோனின் பொறுப்பையும் அவர் விடவில்லை. கிராம இயக்கம் ஏன் என்ற பொருளில் 1936-இல் வெளிவந்த நூலில், ஒரு டப்பா கோக்கோவை எடுத்துக்காட்டாக்கினார். ஆப்பிரிக்கத் தோட்டத்தில் அடிமைக்கு நிகரான உழைப்பாளி, படைவலியால் காக்கப்படும் கடல்வழி, ஆலையில் சுரண்டப்படும் தொழிலாளி ஆகிய அனைத்தும் அந்த டப்பாவுக்குள் அடங்கியுள்ளன; விலை கொடுத்து வாங்குவோன் அவற்றில் பங்காளி ஆகிறான் என்பது அவர் முடிபு. எனவே, செய்தவனை அறியக்கூடிய அண்மையிலிருந்தே பொருளை வாங்க வேண்டும் என்றார். அங்ஙனம் வாங்கிய பொருள் பழுதுற்றால் செப்பனிடவும் அதே ஊரின் தச்சரும் கொல்லரும் சக்கிலியரும் இருப்பர். வாங்குவது குறைந்தால் தொழில் குன்றுமே என்பார்க்கு இதிலேயே விடை உண்டு. பழுதுபார்ப்பதும் ஒரு தொழிலே. அது கூலியை ஊருக்குள்ளேயே நிறுத்தும் தொழில்.

சிறையில் விளைந்த நூல்

1942-ஆம் ஆண்டின் வெள்ளையனே வெளியேறு போராட்டத்தையொட்டிக் குமரப்பா ஜபல்பூர்ச் சிறையில் அடைபட்டார். இரண்டு நூல்கள் அங்கே விளைந்தன. ஒன்று இயேசுபிரானின் போதனையும் வாழ்வும் பற்றியது. மற்றொன்று, நிலைத்த பொருளாதாரம் எனத் தமிழில் சொல்லத்தக்க பெருநூல். இரண்டுக்கும் முன்னுரை நல்கிய காந்தியடிகள், சமய அறிஞர் என்றும் கிராமத் தொழில் அறிஞர் என்றும் இரு பட்டங்களை அவருக்குத் தாமே சூட்டி மகிழ்ந்தார்.

நிலைத்த பொருளாதாரத்தில் இயற்கையையே குமரப்பா ஆசானாகக் கொண்டார். ஆட்டைக் கொன்று தின்னும் புலி தனக்கு உணவு தரும் மூலத்தையே அழிக்கிறது. தோப்பில் புகுந்து கனி பறிக்கும் குரங்கு மூலத்தை அழிக்காவிடினும் அதற்கென எதையும் செய்வதில்லை. கூடு கட்டும் பறவை தன் உழைப்பின் பயனைத் தான் துய்க்கிறது. தேனீ தன் கூட்டம் முழுமைக்கும் உழைக்கிறது. தாய்ப்பறவையோ கைம்மாறு கருதாது குஞ்சுக்கு ஊட்டுகிறது. மனிதனின் பொருளாதாரமும் இந்த ஐந்து படிகளில் ஏதேனும் ஒன்றில் நிற்பது என்றார் அவர். இவ்வளவுகோலை நம் வீட்டு அலமாரியின் முன் வைத்துப் பார்த்தல் நன்று. செப்பனிட்டால் ஐந்தாண்டு உழைக்கக்கூடிய கைபேசியை இரண்டாம் ஆண்டிலேயே எறிந்துவிட்டுப் புதியது தேடும் நாம் எந்தப் படியில் நிற்கிறோம் என்பது எளிதில் விளங்கும்.

எளிமையும் வறுமையும்

குமரப்பாவின் கொள்கையை ஏழைகளுக்கு மனநிறைவை உபதேசிக்கும் கொள்கை எனப் பிழைபடக் கொண்டோர் அன்றும் இருந்தனர். உயர்ந்த வாழ்க்கைத் தரம், தாழ்ந்த வாழ்க்கைத் தரம் என்று பேசும் வழக்கையே அவர் மறுத்தார். மேசையும் நாற்காலியும் இட்டு உண்பது சிக்கலான வாழ்க்கை. தரையில் அமர்ந்து இலையில் உண்பது எளிய வாழ்க்கை. பண்பாட்டின் உயர்வு தாழ்வை இவற்றைக் கொண்டு அளக்க முடியாது என்பது அவர் வாதம். அதே வேளையில், உணவும் உடையும் உறையுளும் இன்றி வாடுவோரின் நிலையை எளிமை என்று அவர் ஒருகாலும் அழைத்ததில்லை. எளிமை தெரிந்து கொள்வது. வறுமை பிறரால் திணிக்கப்படுவது. காங்கிரசின் நிலச் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைமை ஏற்று, இடைத்தரகரை நீக்கி உழுபவர்க்கே நிலம் சேரவேண்டும் என 1949-இல் அறிக்கை தந்தவர் அவரே. வசதியுள்ளோர் குறைத்துக்கொள்ள வேண்டும், இல்லாதோர் பெறவேண்டும். கணக்கின் இருபக்கமும் சரியாவது அப்போதுதான்.

விடுதலை பெற்ற இந்தியா பெருந்தொழில் வழியைத் தேர்ந்தது. குமரப்பா தம் கருத்தை அஞ்சாது கூறினார். ஆட்சியாளரால் ஏற்கப்படாதபோதும் தம் வழியிலிருந்து வழுவவில்லை. பதவி எதையும் நாடாமல் சிற்றூர்ப் பணியிலேயே நின்றார். திருமணமும் செய்துகொள்ளவில்லை.

கல்லுப்பட்டியில்

இறுதி ஆண்டுகளில் மதுரை மாவட்டத்து தே. கல்லுப்பட்டியில் உள்ள காந்தி நிகேதன் ஆசிரமத்துக்கு வந்து ஒரு சிறிய இல்லத்தில் தங்கினார். இலண்டனிலும் நியூயார்க்கிலும் பம்பாயிலும் வாழ்ந்தவர் மீண்டும் தமிழ்நாட்டின் கரிசல் மண்ணுக்கே வந்து சேர்ந்தார். ஏழைக் கிராமவாசி ஒருவரின் படம் அவர் அறையில் இருந்தது. காந்தியடிகள் தம் குரு என்றும், அப்படத்தில் உள்ளவர் தம் குருவுக்கும் குரு என்றும் வருவோர்க்கு அறிமுகம் செய்வார். எந்தப் பொருளைப் பயன்படுத்தும்போதும் அவர் யாரை எண்ணிக் கணக்குப் பார்த்தார் என்பதற்கு அப்படம் ஒன்றே சான்று.

நெடுநாள் இரத்த அழுத்த நோயால் துன்புற்ற குமரப்பா, 1960 சனவரி 30-ஆம் நாள் சென்னையில் மறைந்தார். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் அவர் ஆசான் மறைந்ததும் அதே நாளில்தான். அவர் மறைந்து பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின், 1973-இல் வெளிவந்த சிறியதே அழகு என்னும் பொருள்படும் ஆங்கில நூலில் ஷூமாக்கர் என்னும் அறிஞர் குமரப்பாவை எடுத்தாண்டார். தாயகம் மறந்த குரலுக்கு மேலைநாட்டில் செவி கிடைத்தது.

கவிஞர் நிறைந்த இவ்வட்டத்துக்குக் குமரப்பா அயலவர் அல்லர். ஒரு சொல் போதுமிடத்தில் மறுசொல் வேண்டா என்பதும், பழஞ்சொல்லைத் துலக்கிப் புதுப்பயன் கொள்வதும் நாம் பயிலும் நெறிகளே. எழுத்தில் கைவந்த அந்த நெறி நம் இல்லத்துக்கும் வரவேண்டும். அடுத்த முறை ஒரு பொருளைக் கழித்துக்கட்ட எண்ணும்போது, அது இன்னும் எத்தனை ஆண்டு உழைக்கும், அதைச் செய்த கை யாருடையது, அதற்கென மண்ணிலிருந்து எடுத்தது மீண்டும் விளையுமா என மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்வோம். அந்தப் பெருமகனுக்கு நாம் செலுத்த வேண்டிய கடனில் ஒரு பகுதியேனும் அதனால் தீரும்.