பெரியண்ணன் தமிழர், சின்னண்ணன் ஸ்காட்லாந்துக்காரர்... திருப்பத்தூரில் ஆசிரமம் கட்டிய டாக்டர் ஜேசுதாசன் யார்?

திருப்பத்தூர்னு சொன்னதும் ஏலகிரி மலை, ஜோலார்பேட்டை ஜங்ஷன், பக்கத்துல ஆம்பூர், வாணியம்பாடி தோல் தொழிற்சாலைகள்தான் பலருக்கும் ஞாபகம் வரும். அதே ஊரில், இந்து ஆலயம் போன்ற கோபுரத்தோடு ஒரு கிறிஸ்தவ ஜெபாலயம் இருக்கிறது. அது கிறிஸ்துகுல ஆசிரமத்தின் ஜெபாலயம். இந்த ஆசிரமத்தை நண்பரோடு சேர்ந்து உருவாக்கியவர் டாக்டர் சவரிராயன் ஜேசுதாசன். யார் இவர்? எதற்காக ஒரு கிறிஸ்தவ ஆசிரமம்? பார்க்கலாம்.

யார் இந்த ஜேசுதாசன்?

1882-ல் பிறந்த தமிழ்க் கிறிஸ்தவர். பிரிட்டனுக்குப் போய் மருத்துவம் படித்தவர். அங்கேதான் எர்னெஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டனைச் சந்தித்தார். ஸ்காட்லாந்தில் கம்பளி நூல் ஆலைகள் நடத்திய பணக்காரக் குடும்பத்துப் பிள்ளை பேட்டன். அவரும் டாக்டர்தான். ஜேசுதாசனைவிட 9 வயது இளையவர். இருவரும் இந்தியா வந்து, முதலில் புனேயில் மிஷன் பணியில் சேர்ந்தார்கள்.

என்ன பிரச்னை?

அந்தக் கால மிஷன்களில் வெள்ளைக்கார மிஷனரிக்கு பங்களா, கூடுதல் சம்பளம், முடிவெடுக்கும் அதிகாரம். கூடவே உழைக்கும் இந்தியர் எவ்வளவு படித்திருந்தாலும் ஒரு படி கீழேதான். 1910-ல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டிலேயே, நெல்லைச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்த வி.எஸ்.அசரியா இதைப் பேசினார். மிஷனரிகள் எவ்வளவோ தியாகம் செய்திருக்கலாம், ஆனால் எங்களுக்கு வேண்டியது நட்பு என்பதுதான் அவர் பேச்சின் சாரம்.

அந்த நட்பை வாழ்ந்தே காட்ட நினைத்தார்கள் ஜேசுதாசனும் பேட்டனும்.

1921-ல் நடந்தது என்ன?

அன்றைய வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்த திருப்பத்தூருக்கு வந்து கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்கள் இந்தியாவில் தொடங்கிய முன்னோடி ஆசிரமம் இது. இருவருமே திருமணம் செய்துகொள்ளவில்லை. கதர் உடை, சைவச் சாப்பாடு, ஏழைகளுக்கு மருத்துவம் என்று வாழ்ந்தார்கள்.

ஊர் மக்களுக்கு ஜேசுதாசன் 'பெரியண்ணன்', பேட்டன் 'சின்னண்ணன்'. வயதுப்படி பார்த்தால் இது சாதாரண விஷயம்தான். ஆனா, துரைமார் ஆட்சி நடந்த காலத்தில் ஒரு வெள்ளைக்காரர் தமிழருக்குத் தம்பியாக இருந்தார் என்பதை யோசித்துப் பாருங்க!

கதர் போட்டதற்கு பேட்டன் கொடுத்த விலையும் உண்டு. 1932-ல் சென்னையில் அந்நியத் துணி மறியல் நடந்த இடத்தில் போலீஸ் அவரை அடித்தது. இந்த விவகாரம் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் வரை போனது.

ஜேசுதாசன் எழுதியதும் கற்பித்ததும் என்ன?

ஆசிரம வாழ்க்கை பற்றி ஆங்கிலத்தில் அவர் எழுதிய 'ஆஷ்ரம்ஸ், ஏன்ஷியன்ட் அண்ட் மாடர்ன்' நூல் 1937-ல் வெளிவந்தது. ஆசிரமம் இந்த மண்ணின் பழைய மரபு, கிறிஸ்தவரும் அதில் உரிமையோடு வாழலாம் என்பது அவர் நிலைப்பாடு. கிறிஸ்துவை ஏற்பவர் தன் உடையையும் சாப்பாட்டையும் கலையையும் விட்டுவிட்டு ஐரோப்பியராக மாற வேண்டியதில்லை என்பதைத்தான் வாழ்நாள் முழுக்கச் சொல்லிவந்தார். அதே சமயம், கிறிஸ்து தனித்துவமானவர் என்ற நம்பிக்கையை அவர் விட்டுக்கொடுக்கவே இல்லை.

ஏட்டில் எழுதியதைத்தான் ஜெபாலயத்தில் கல்லில் கட்டினார்கள். திராவிடக் கட்டடக்கலைப்படி கோபுரமும் மண்டபமும் தூண்களும் எழுந்தன.

விமர்சனம் இல்லையா?

இருக்கிறது. 1980-களில் வளர்ந்த தலித் கிறிஸ்தவ இறையியல், இதுபோன்ற முயற்சிகளைப் பார்த்து ஒரு நேரடிக் கேள்வி கேட்டது. இந்தியப் பண்பாடு என்று இவர்கள் எடுத்துக்கொண்டது யாருடைய பண்பாடு? இந்தியக் கிறிஸ்தவர்களில் பெரும்பகுதியினர் ஒடுக்கப்பட்ட சமூகத்தினர். கோயிலுக்குள்ளேயே விடப்படாத மக்களுக்கு கோபுரம் எப்படிச் சொந்த அடையாளம் ஆகும்? ஜேசுதாசன் நிறத்தின் பெயரால் இருந்த ஏற்றத்தாழ்வை நேருக்கு நேர் எதிர்த்தவர். சாதியை முன்வைத்து எழும் இந்தக் கேள்வியையும் சேர்த்துப் படித்தால்தான் அவர் வாழ்க்கை முழுசா புரியும்.

இன்று ஏன் பேச வேண்டும்?

கிறிஸ்தவம் வெளிநாட்டு மதம், கிறிஸ்தவர்கள் இந்தப் பண்பாட்டுக்கு வெளியே இருப்பவர்கள் என்ற பேச்சு இன்னைக்கும் இருக்கு. நூறு வருஷத்துக்கு முன்பே ஒரு தமிழ் டாக்டர் அதற்குத் தன் வாழ்க்கையால் பதில் சொல்லியிருக்கிறார். 1950-ல் குளித்தலை அருகே தண்ணீர்ப்பள்ளியில் கத்தோலிக்கத் துறவிகள் சாந்திவனத்தைத் தொடங்குவதற்கு ஏறக்குறைய 30 ஆண்டுகள் முன்னால் நடந்தது இது.

ஜேசுதாசன் 1969-ல் மறைந்தார். அடுத்த ஆண்டே பேட்டனும் மறைந்தார். அடுத்த முறை ஜோலார்பேட்டையில் ரயில் நிற்கும்போது, பக்கத்து ஊரில் வாழ்ந்த இந்த அண்ணன் தம்பியையும் கொஞ்சம் நினைச்சுக்கோங்க.